எண்ணெய் போடாத சக்கரம்

எருமப்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் அந்தக் கோழிப்பண்ணையில் எண்ணெய்க் குப்பி எப்போதும் மேனேஜரின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். தீவன மில்லின் மோட்டாருக்கு வேண்டுமென்றால் அவரே எடுத்து வந்து, தன் கண் முன்னால் நாலு சொட்டு விடவைத்து, திரும்ப எடுத்துப் போய்விடுவார். முட்டை பொறுக்கும் தள்ளுவண்டிக்கு மட்டும் அந்த நாலு சொட்டும் கிடையாது. அதன் முன்சக்கரம் ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கீச் கீச்சென்று கத்திக்கொண்டே போகும்.

"நம்ம மேனேஜரு செத்தா பொணத்துக்கு எண்ணெ அரப்பு வெக்கறதுக்குக்கூட மொதல்ல சாவியத் தேடோணும்" என்பாள் முட்டை பொறுக்கும் சித்ரா. அவர் காதில் விழும்படிதான் சொல்வாள். மேனேஜர் தண்டாயுதபாணி திரும்பிப் பார்க்க மாட்டார். கஞ்சன் என்ற பேர் அவருக்கு வசதியாகவே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்ததை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சொல்ல ஒன்று இருந்தது. பல வருஷங்களுக்கு முன் யாரோ ஒருவன் நல்லெண்ணத்தில் அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டான். அன்றைக்கு வண்டி சத்தமில்லாமல் போய் நின்ற இடத்திலெல்லாம் கோழிகள் துள்ளி விழுந்தன. கூண்டுக் கம்பி அதிர்ந்து, சரிவில் உருண்டு வந்து நின்ற முட்டைகள் ஒன்றோடொன்று மோதிக் கீறல் விட்டன. கோழிக்குப் புதிய நிறமும் ஆகாது, திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கும் ஆளும் ஆகாது. அந்தக் கீச்சொலிதான் இத்தனை நாளாக, இதோ ஆள் வருகிறது என்று தூரத்திலிருந்தே அவற்றுக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. அவர் மறுநாள் சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவி, மணலைத் தூவிப் பழையபடி கத்த வைத்தார். எண்ணெய்க் குப்பியைப் பூட்டினார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லாமல் இருக்க அவரைப் பழக்கியவர் முதலாளி சின்னண்ணன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சித்திரை வெயிலில், கோழிகள் வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டு நின்றபோது, ஷெட்டுக் கூரைமேல் தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் விடலாம் என்று சொன்னவர் தண்டாயுதபாணி. விட்டார்கள். ஷெட்டு குளிர்ந்தது. நாலைந்து நாள் கழித்து ஒரு காற்று வந்து, நனைந்து கனத்த கீற்றோடு கூரையின் ஒரு மூலை இறங்கிவிட்டது. அடியில் இருந்த கோழிகள் செத்தன. சின்னண்ணன் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, செத்த கோழிகளைச் சாக்கில் கட்டி, தண்டாயுதபாணி ஒருவர் தலையிலேயே ஏற்றிக் குழிவரை நடக்கவிட்டார். அதற்குப் பின் பண்ணைக்கு யார் வந்தாலும், "எங்ககிட்ட ஒரு இஞ்சினீரு இருக்கறான் பாருங்" என்று அவரைக் கைகாட்டிச் சிரிப்பார். அடுத்த கோடையில் அதே கீற்றை மெல்லிசாகப் பரப்பி, மேலே குழாய் ஓட்டித் தண்ணீர் தெளித்தார் முதலாளி. அது நன்றாக நடந்தது. அது யார் யோசனை என்ற பேச்சே எழவில்லை.

அதிலிருந்து தண்டாயுதபாணிக்குத் தோன்றியதெல்லாம் அவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

இப்போது பண்ணையைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் மகள் சண்முகப்பிரியா. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். வந்ததும் ஒரு வழக்கம் வைத்தாள். சனிக்கிழமை முட்டை லாரி கிளம்பியதும் தீவன மில் மேடையில் எல்லாருக்கும் டீயும் போண்டாவும். "இந்த வாரம் எது உங்களுக்கு எரிச்சலா இருந்துச்சு?" என்று கேட்பாள். முதல் சில வாரங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் வேறு பேச்சுக்குத் தாவாமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு மௌனத்துக்குள் அப்படிக் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய ஆளைத் தண்டாயுதபாணி அதற்குமுன் பார்த்ததில்லை. தன்னைத் தவிர.

பங்குனி பிறந்த ஒரு சனிக்கிழமை சித்ரா வாயைத் திறந்தாள். "வண்டி தள்ளித் தள்ளி இடுப்பு அத்துப்போவுதுங்கக்கா. ஊட்டுக்குப் போனா ஒரு கொடம் தண்ணி தூக்க முடியறதில்ல."

"பேட்டரியில ஓட்டிப்போடலாமுங்கக்கா" என்றான் வேல்முருகன். பண்ணையின் எலக்ட்ரீசியன். தனக்குத் தெரிந்ததைப் போல இரண்டு மடங்கு பேசுகிறவன். "பழைய கரண்டு ஸ்கூட்டர் மோட்டார் ஒண்ணு எங்கிட்டக் கெடக்குது. ரப்பர் டயர் நாலு போட்டா ஜம்முன்னு போகும். சித்ராக்கா மேல ஏறிக் குந்திக்கிட்டே முட்டை பொறுக்கலாம், மாரியாத்தா தேருல வாராப்புல."

"போடா, எடுபட்டவனே."

எல்லாரும் சிரித்து முடித்ததும் தண்டாயுதபாணி கேட்டார். "கெட்டுப்போச்சுன்னா?"

கேட்டது வேல்முருகனை. பதில் சொன்னது சண்முகப்பிரியா. "செஞ்சு பாரு வேலு. நல்லா வந்தா உம் பேரு. கெட்டுப்போனா எம் பேரு."

தண்டாயுதபாணி கையில் இருந்த போண்டா அப்படியே இருந்தது. சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். இப்படியும் ஒரு வாக்கியம் உலகத்தில் இருக்கிறதா? இருக்கிறதென்றால் இத்தனை வருஷம் அது எங்கே போயிருந்தது? இந்த வாயாடிப் பயலுக்கு மட்டும் அது எப்படி இவ்வளவு சுளுவாக, கேட்காமலே கிடைத்தது?

அன்றிலிருந்து வேப்பமரத்தடியில் வெல்டிங் வெளிச்சம் தெறிக்கும்போதெல்லாம் அவர் கண் கூசியது. அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பார். சண்முகப்பிரியா குனிந்து இரும்புக்குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் வேல்முருகன் அளவு தப்பி ஒரு சட்டத்தை வெட்டிவிட்டான். "போச்சா? செரி, அடுத்ததைக் கொண்டா" என்றாள் அவள். அவ்வளவுதான். தண்டாயுதபாணி ஆபீசுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து, சும்மா இழுப்பறையைத் திறந்து எண்ணெய்க் குப்பியைப் பார்த்துவிட்டு மூடினார்.

வண்டி முடிந்த அன்று வேல்முருகன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். "பாருங்ணா, சத்தம் கேக்குதுங்களா? கேக்காது. பூனை நடக்கறாப்புல. பக்கத்துல வந்து நிக்கற வரைக்கும் கோழிக்கே தெரியாது."

வண்டி அவர் காலடியில் வந்து நின்றது. அவருக்கே ஒரு கணம் உடம்பு துணுக்குற்றது.

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பூனை மாதிரி வந்தால் கோழி என்ன செய்யும், முட்டாளே? ஒரே ஒரு வாக்கியம். வேல்முருகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பாராட்டுக்கு.

"நல்லா இருக்குது" என்றார் தண்டாயுதபாணி.

வெள்ளோட்டத்துக்குப் பெரியவர் சின்னண்ணனும் காரில் வந்து இறங்கினார். வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள் சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். மாலையோடு ஷெட்டுக்குள் விடப் பார்த்தபோது தண்டாயுதபாணிதான் தடுத்தார். "பூவைக் கழட்டுங்க. கோழி மெரளும்."

"பாத்தயா, அனுபவம்" என்றார் பெரியவர்.

அந்த வார்த்தை தண்டாயுதபாணி முதுகில் பூரான் போல ஊர்ந்தது.

முதல் வரிசையின் பாதிவரை ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்ததில் கோழிகள் ஏற்கெனவே உஷாராக இருந்தன. தீவனத் தொட்டியைச் சுற்றி வண்டி வளைந்து, ஆள் இல்லாத நடுப்பாதையில் சத்தமில்லாமல் நழுவிப் போனபோது, தலையைக் கவிழ்த்துத் தீவனம் கொத்திக்கொண்டிருந்த ஒரு கோழி நிமிர்ந்து பார்த்துக் கத்தியது. அவ்வளவுதான். பக்கத்துக் கூண்டு, எதிர்க் கூண்டு, அடுத்த வரிசை என்று அந்தக் கத்தல் தீயாய்ப் பரவியது. ஷெட்டு முழுக்கச் சிறகடிப்பு. கம்பிகள் குலுங்கின. முட்டைகள் விளிம்பைத் தாண்டித் துள்ளிக் கீழே விழுந்தன. சித்ரா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டாள். அடங்கியபோது காற்றில் இறகு மிதந்தது. கூண்டுக்கு அடியிலெல்லாம் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது.

"எவன்டா இதைச் செஞ்சது?" என்றார் பெரியவர்.

தண்டாயுதபாணி காத்திருந்தார். மறைக்க என்ன இருக்கிறது, அவர் மனசு பெரியவரின் அந்தப் பழைய குரலுக்காக வாய் திறந்து காத்திருந்தது. வேல்முருகன் முகம் வெளுத்து நின்றான். இனி வரும், சாக்கு வரும், தலையில் ஏறும்.

"நானுங்கப்பா" என்றாள் சண்முகப்பிரியா.

"வண்டி பண்ணுனவன் யாருன்னு கேட்டேன்."

"பண்ணச் சொன்னது நானுங்க. பத்துக் கூண்டு பக்கம் ஓட்டிப் பாக்காம மொத்த ஷெட்டுலயும் உட்டதும் நாந்தான். அவன்கிட்டக் கேக்க ஒண்ணுமில்லீங்." திரும்பி, "வேலு, வெளக்குமாறு எடுத்துட்டு வா. அல்லாரும் சேந்து கூட்டிப்போடலாம்" என்றாள்.

அவளே முதலில் குனிந்து ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

வேல்முருகனின் கண்ணில் தண்ணீர் நின்றதைத் தண்டாயுதபாணி பார்த்தார். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அவன் தோற்றுவிட்டான். தோற்றும் அவனிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை. ஜெயித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

பெரியவர் காருக்குத் திரும்பும்போது மகளிடம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "கண்ணு, இன்னொரு சனிக்கெழமை பாப்பேன். அன்னிக்கும் இந்தக் கூத்துத்தான்னா பண்ணைச் சாவியக் குடுத்துப்போட்டு நீ ஊட்டுல இரு. நானே பாத்துக்கறேன்."

அந்த வாரம் முட்டை குறைந்தது. ஓடு கட்டாத தோல்முட்டைகள் வந்தன. வேல்முருகன் வண்டிக்கு ஆட்களின் சட்டையைப் போலவே காக்கி பெயிண்ட் அடித்தான். பிறகு, பேட்டரி வாடைதான் காரணமோ என்று அதைச் சுற்றித் தகரம் வைத்து மூடினான். அவன் இப்போது பேசுவதே இல்லை. சண்முகப்பிரியா ஷெட்டின் நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கணக்காகக் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய தள்ளுவண்டி கீச் கீச்சென்று அவளைத் தாண்டிப் போகும். கோழிகள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கொத்தும். ஒவ்வொரு முறையும் தண்டாயுதபாணி அவள் முகத்தைப் பார்த்தார். இதோ கண்டுபிடித்துவிடுவாள். அவள் கண்டுபிடிக்கக்கூடாது என்றும், சீக்கிரம் கண்டுபிடித்துத் தன்னை விட்டுவிட மாட்டாளா என்றும் ஒரே நேரத்தில் நினைத்தார்.

வியாழக்கிழமை பெரியவரை நாமக்கல்லுக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வேலை அவருக்கு வந்தது. திரும்பும் வழியில் பெரியவர் முன்சீட்டில் சாய்ந்துகொண்டு பேசினார்.

"தண்டபாணி, சனிக்கெழம நீ அல்லாரு முன்னாலயும் சொல்லிப்போடு. பழைய வண்டியே போதும், இந்தச் சின்னப் பயலுக வெளையாட்டு வேண்டாம்னு. நீ சொன்னா ஆளுக கேக்கும். பொறவு நான் உக்காந்துக்கறேன். நீ எம் பக்கத்துல இருந்துக்க. முன்னாட்ட."

"செரிங்க" என்றார். முன்னாட்ட. பழையபடி என்ற அந்த வார்த்தையில் அவருக்கு ஓர் இதம்கூட இருந்தது. வேல்முருகன் திரும்ப வெறும் எலக்ட்ரீசியன் ஆகிவிடுவான். சனிக்கிழமை டீ இருக்காது. அந்த வாக்கியத்தை இனி யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

டீக்கடையில் நிறுத்தினார்கள். பெரியவருக்குத் தெரிந்த தீவனக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து கும்பிட்டார். கோடை வந்துவிட்டதைப் பற்றிப் பேச்சு போயிற்று.

"இந்தக் கூரையில கீத்துப் போட்டுத் தண்ணி தெளிக்கறதுன்னு இன்னிக்கு ஊரே பண்றீங்க. இந்தப் பக்கத்துல மொதமொதல்ல அதை ரோசன பண்ணுனவன் நானாக்கும்" என்றார் சின்னண்ணன். பிறகு திரும்பி, "ஏந்தண்டபாணி, உனக்குத் தெரியாது. நீ வாரதுக்கு முன்னால நடந்தது அது" என்றார்.

பெரியவர் பொய் சொல்லவில்லை. அதுதான். தண்டாயுதபாணி அந்தக் கிழ முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. சாக்கும் குழியும் அந்த நடையும் அந்த மனிதருக்கு நினைவிலேயே இல்லை. இத்தனை வருஷம் தன் நெஞ்சில் ஊறிக்கொண்டிருந்த ஒன்று அவரிடம் ஒரு கீறல்கூட இல்லாமல் போயிருந்தது. டீ ஆறிப்போயிற்று. தண்டாயுதபாணி அதைக் கீழே ஊற்றிவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தார்.

பெரியவரை இறக்கிவிட்டு நேராகப் பண்ணைக்குப் போனார். சண்முகப்பிரியா முக்காலியில்தான் இருந்தாள்.

"அம்மிணி, அந்த வண்டிக்குச் சத்தம் வேணுமுங்க" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய் போட்ட அந்த ஒரு நாள், மண்ணெண்ணெய், மணல், பூட்டிய குப்பி. இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

அவள் முகம் மலர்ந்தது. பாதியில் அந்த மலர்ச்சி நின்றது.

"அண்ணா, வெள்ளோட்டத்துக்கு முன்னாலயே உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

பொய் சொல்ல வழி இருந்தது. "தெரியுமுங்க" என்றார்.

கோழிகள் கொத்தும் சத்தம் மட்டும் ஷெட்டு முழுக்க மழைத்தூறல் போலக் கேட்டது. அவர் திட்டுக்குக் காத்திருந்தார். திட்டு வந்திருந்தால் பழகியது, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

"உடைஞ்ச முட்டை எம்மேல" என்றாள் கடைசியில். "அதுல மாத்தமில்லீங். ஆனா ஒரு வாரமா அவன் சோறு திங்காமத் திரியறான். அது உங்க மேல. அதை நான் தூக்க முடியாதுங்ணா. நீங்களே போயி அவன்கிட்டச் சொல்லிப்போடுங்க."

வேல்முருகன் வேப்பமரத்தடியில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் முன் உட்கார்ந்திருந்தான். அவர் நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கையில் இருந்த ஸ்பானரைத் தரையில் போட்டான்.

"பூனையாட்டம்னு நான் பீத்திக்கிட்டு இருந்தப்ப, உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பீங்."

"இல்லடா."

"பொறவு?"

அவர் குனிந்து ஸ்பானரை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தார். "நீ எனக்கு முன்னால பொறந்திருக்கோணும். இல்ல, நான் உனக்குப் பின்னால, அம்மிணி காலத்துல வந்திருக்கோணும். அவ்வளவுதான்."

அவனுக்கு அது புரிந்ததோ இல்லையோ. முகத்தைத் திருப்பிக்கொண்டான். மன்னித்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கோபம் தணியாத குரலிலேயே, "அந்தப் பழைய சக்கரத்தக் கழட்டிக் கொண்டாங். நாலுக்கும் நடுவால அஞ்சாவதாத் தொங்கவிட்டு, தரையைத் தொட்டுக்கிட்டு வாராப்புல வெச்சுப் பாக்கலாம்" என்றான்.

சனிக்கிழமை பெரியவர் காரை விட்டு இறங்கியதும் தண்டாயுதபாணியைப் பார்த்துத் தலையசைத்தார். சொல்லு என்று அர்த்தம். தண்டாயுதபாணி எல்லார் முன்னாலும் சொன்னார்: "வண்டி ஓடட்டுமுங்க. எதாச்சும் ஆனா எம் பேரு."

அந்த வாக்கியம் வாயிலிருந்து வெளியே வந்தபோது அதன் எடை அவருக்குத் தெரிந்தது. சண்முகப்பிரியா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். பெரியவர் முகம் சுருங்கியது.

வண்டி தானாக ஊர்ந்தது. சித்ரா மேலே உட்கார்ந்திருந்தாள். அடியில் ஐந்தாவது சக்கரம் கீச் கீச்சென்று கத்தியது. கோழிகள் நிமிர்ந்தன. பார்த்தன. தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொத்தின. நடுப்பாதையிலும் அப்படியே. ஷெட்டுக்குள் கைதட்ட முடியாது. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பெரியவர் கடைசி வரிசைவரை பார்த்துவிட்டு, சாவியைப் பற்றி ஒன்றும் பேசாமல் காரில் ஏறிக்கொண்டார்.

ஆடி மாதம், நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு பண்ணைக்காரர் வண்டியைப் பார்க்க வந்தார். ஆபீஸ் ஜன்னல் வழியாகத் தண்டாயுதபாணிக்கு வேல்முருகனின் குரல் கேட்டது. பழைய வேகம் திரும்பிவிட்டிருந்தது. மோட்டார், பேட்டரி, திருப்பம் என்று அளந்துகொண்டிருந்தான். வந்தவர் அடியில் குனிந்து, "இதென்னப்பா, இந்தச் சக்கரம் மட்டும் துருப்புடிச்சுக் கத்துது? எண்ணெ போடறதில்லையா?" என்று கேட்டார்.

தண்டாயுதபாணி எழுந்து ஜன்னலோரம் போனார்.

"அய்யோ, அதுலதானுங் சூச்சுமமே. அது எங்க மேனேஜரு கண்டுபுடிச்சதுங்க. அது இல்லாம நான் ஓட்டி, ஷெட்டையே நாசம் பண்ணிப்போட்டனுங்க" என்றான் வேல்முருகன், சிரித்துக்கொண்டே.

அவ்வளவு சுலபமாகச் சொன்னான். தன் தோல்வியையும் இன்னொருவன் பேரையும் ஒரே மூச்சில், எங்கும் தடுக்காமல். தன்னால் ஒரு நாளும் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்று தண்டாயுதபாணிக்குத் தெரிந்தது. அந்தச் சுலபம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. ஷெட்டு வாசலில் சண்முகப்பிரியா யாரோடோ பேசிக்கொண்டு நின்றாள்.

நெஞ்சில் அந்தப் பழைய எரிச்சல் மெல்லத் தலைதூக்கியது. அவர் அதை அடக்க முயலவில்லை. நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இழுப்பறைச் சாவி மேசைமேல் கிடந்தது. வெளியே கீச் கீச்சென்று வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.